பிரிட்டிஷ் கொலம்பியாவின் பழங்காடுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவின் மேற்குக் கரையில் பல நூறு ஆண்டு வயதான மரங்களை வெட்டலாமா, கூடாதா என்ற சண்டை நாற்பது ஆண்டுகளாக நடக்கிறது. செய்தியில் வரும்போதெல்லாம் அது அன்றுதான் தொடங்கியதுபோல இருக்கும். பின்கதை தெரியாமல் படித்தால் காவல்துறை ஏன் மரத்தில் ஏறியவர்களைக் கைது செய்கிறது என்பதுகூடப் புரியாது. இங்கே 'மாகாணம்' என்று வருமிடமெல்லாம் பிரிட்டிஷ் கொலம்பியாவைக் குறிக்கும்.

கனடா பனிநாடு அல்லவா? அங்கே மழைக்காடு எப்படி வந்தது?

பசிபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று கரையை ஒட்டி நிற்கும் மலைகளில் ஏறிக் குளிர்ந்து, மழையாகக் கொட்டிவிடுகிறது. வான்கூவர் தீவிலுள்ள ஹெண்டர்சன் ஏரிப் பகுதியில் ஆண்டுக்கு 6,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. கடலோரம் என்பதால் குளிர்காலமும் கடுமையாக இருப்பதில்லை. ஈரம் வற்றாத இடங்களில் காட்டுத்தீயும் அரிது. வெட்டு இல்லை, தீ இல்லை, தண்ணீருக்குக் குறைவில்லை என்றால் மரம் எவ்வளவு காலம் வாழும் என்பதை இங்கே பார்க்கலாம். சிவப்பு சீடர் (cedar) மரம் ஆயிரம் ஆண்டைத் தாண்டுகிறது. கார்மானா பள்ளத்தாக்கிலுள்ள ஒரு சிட்கா ஸ்ப்ரூஸ் மரத்தின் உயரம் 95 மீட்டருக்கும் அதிகம். வடக்குக் கலிபோர்னியாவிலிருந்து அலாஸ்காவரை நீளும் இந்தப் பட்டைதான் உலகின் மிகப் பெரிய மிதவெப்ப மழைக்காடு.

எந்தக் காட்டைப் பழங்காடு என்கிறார்கள்?

மாகாணத்தின் கணக்கில், கடலோரத்தில் 250 வயதைத் தாண்டிய மரங்கள் உள்ள காடு பழங்காடு. உள்நாட்டில் தீயும் பூச்சியும் காட்டை அடிக்கடி புதுப்பிப்பதால் அங்கே பெரும்பாலும் 140 ஆண்டு போதும். வயது ஓர் அளவுகோல் மட்டுமே. பெரிய மரம், சிறிய மரம், நின்றபடியே செத்த மரம், விழுந்து மட்கும் மரம் எல்லாம் ஒரே இடத்தில் கலந்திருப்பதும், மேற்கூரையில் ஆங்காங்கே இடைவெளி விட்டு வெளிச்சம் இறங்குவதும்தான் உண்மையான அடையாளம்.

வெட்டிய இடத்தில் கன்று நட்டுவிட்டால் சரியாகிவிடாதா? சட்டமே அப்படித்தானே சொல்கிறது?

நடவேண்டும் என்பது சட்டம்தான். நிறுவனங்கள் நடவும் செய்கின்றன. ஆனால் நட்ட காட்டை 60 முதல் 80 ஆண்டுக்குள் மறுபடி வெட்டிவிடுவார்கள். 250 ஆண்டு என்ற எல்லையை அது ஒருபோதும் தொடப்போவதில்லை. எனவே இங்கே பழங்காட்டை 'புதுப்பிக்கத்தக்க வளம்' என்பது கணக்குப்பிள்ளையின் பாஷை. மரம் புதுப்பிக்கத்தக்கது, பழங்காடு, மனிதக் கணக்கில், அப்படி இல்லை.

வேறுபாடு வயதில் மட்டுமில்லை. ஒரே வயதில் நெருக்கமாக வளரும் நடவுக்காட்டின் தரையில் வெளிச்சம் விழாது. அடியில் செடிகொடி அதிகம் இருக்காது. பழங்காட்டில் விழுந்த மரம் பல நூறு ஆண்டு கிடந்து மட்கும். அதன் முதுகில்தான் ஹெம்லாக் என்ற மரத்தின் விதைகள் முளைக்கின்றன. ஐம்பது அடி உயரத்துக் கிளைகளில் பாசி மெத்தையாகப் படர்ந்திருக்கும். மார்பிள்ட் மர்ரெலெட் என்ற கடற்பறவை அந்த மெத்தையில்தான் ஒரே ஒரு முட்டை இடும். கடலில் இரை தேடிவிட்டுப் பல கிலோமீட்டர் உள்ளே பறந்துவந்து மரத்தில் கூடு வைக்கும் பறவை அது. அதன் கூட்டைப் பறவையியலாளர்கள் வெகுகாலம் தேடினார்கள். கடைசியில் 1974இல் கலிபோர்னியாவில் மரமேறும் தொழிலாளி ஒருவர்தான் தற்செயலாகக் கண்டுபிடித்தார். எண்பது வயது மரத்தில் அப்படிப்பட்ட கிளை கிடையாது.

சால்மன் மீனின் கதை இன்னும் சுவையானது. இலையுதிர்காலத்தில் மீன்கள் முட்டையிட ஆற்றில் ஏறும்போது கரடிகள் அவற்றைப் பிடித்துக் காட்டுக்குள் தூக்கிச் சென்று தின்னும். மீன் ஏராளமாக இருக்கும்போது மூளையையும் சினையையும் மட்டும் தின்றுவிட்டு மிச்சத்தை அப்படியே போட்டுவிடும். அந்த மிச்சம் மரங்களுக்கு உரமாகிறது. விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்சென், கடலிலிருந்து வரும் மீனில் கூடுதலாக இருக்கும் நைட்ரஜன்-15 என்ற நைட்ரஜன் வகையை மரத்தின் ஆண்டு வளையங்களில் அளந்து இதைக் காட்டினார். மரம் போனால் கரை சரிந்து, ஆற்றில் மண் படிந்து, முட்டையிடும் கூழாங்கல் படுகை மூடிக்கொள்கிறது. மீன் குறைகிறது, கரடிக்கும் மரத்துக்கும் போகும் பங்கும் குறைகிறது. கன்று நடுவதால் இந்தச் சங்கிலி திரும்பக் கட்டப்படுவதில்லை.

இன்னும் எவ்வளவு மிச்சமிருக்கிறது? அரசு ஒன்று சொல்கிறது, சூழலியலாளர்கள் வேறொன்று சொல்கிறார்களே?

2021இல் மாகாண அரசு சொன்ன எண் 1 கோடியே 11 லட்சம் ஹெக்டேர். கேட்பதற்கு ஏராளமாகத் தெரியும். போராடுகிறவர்களோ கடைசித் துண்டு போகிறது என்கிறார்கள். இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

மலை உச்சியில் கல்லிடுக்கில் குட்டையாக நிற்கும் 300 வயது மரமும் பழங்காட்டுக் கணக்கில் வரும். சதுப்பில் கைத்தடி பருமனுக்கு வளர்ந்து நின்றுவிட்ட மரமும் வரும். பள்ளத்தாக்கின் வண்டல் மண்ணில் நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத ஸ்ப்ரூஸும் அதே கணக்கில்தான் வருகிறது. 2020இல் கேரன் பிரைஸ், ரேச்சல் ஹோல்ட், டேவ் டவுஸ்ட் ஆகிய மூன்று அறிவியலாளர்கள் அரசின் தரவுகளையே எடுத்து இதைப் பிரித்துக் காட்டினார்கள். எஞ்சியிருப்பதில் ஏறக்குறைய 80 சதவீதம் சிறிய மரங்கள் வளரும் வளம்குறைந்த நிலம். ஐம்பதே ஆண்டில் மரம் 25 மீட்டருக்கு மேல் உயரக்கூடிய மிக வளமான நிலத்தில் எஞ்சிய பழங்காடு மாகாணம் முழுவதும் சேர்த்தே சுமார் 35,000 ஹெக்டேர்தான்.

மர நிறுவனங்கள் முதலில் வெட்டியதும் இன்றும் விரும்புவதும் இந்தப் பள்ளத்தாக்குக் காட்டைத்தான். சாலை போடுவது எளிது, ஒரு மரத்திலேயே நிறைய பலகை கிடைக்கும், இழை நெருக்கமான சீடருக்கு விலை அதிகம். ஆகவே யாராவது 'இத்தனை சதவீதம் பாதுகாத்துவிட்டோம்' என்று சொன்னால் எந்த நிலத்தில் என்று கேட்க வேண்டும். அதைச் சொல்லாத சதவீதத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பதில்லை, அதை அரசு சொன்னாலும் சரி, சூழல் அமைப்பு சொன்னாலும் சரி.

இந்தக் காடு யாருக்குச் சொந்தம்?

ஆவணங்களின்படி மாகாண நிலத்தில் 94 சதவீதம் அரசு நிலம். நிறுவனங்கள் நிலத்தை வாங்குவதில்லை. நீண்டகால வெட்டுரிமை பெற்று, வெட்டும் மரத்துக்கு அரசிடம் கட்டணம் செலுத்துகின்றன. வான்கூவர் தீவின் கிழக்குப் பக்கம் மட்டும் விதிவிலக்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில்பாதை போட்டதற்கு ஈடாகப் பெரும் பரப்பு தனியார் கைக்குப் போய்விட்டது.

ஆனால் அரசுக்கு அந்த நிலம் எப்படி வந்தது? கனடாவின் மற்றப் பல பகுதிகளில், ஐரோப்பியர் வருமுன்பே அங்கு வாழ்ந்த முதற்குடிகளுடன் ஏதோ ஓர் ஒப்பந்தமாவது எழுதினார்கள். இங்கே பெரும்பகுதிக்கு அதுவும் இல்லை. போரில் தோற்கவில்லை, விற்கவில்லை, எழுதிக் கொடுக்கவும் இல்லை. இந்த ஓட்டை நீதிமன்றங்களில் மெல்ல மெல்ல வெளிப்பட்டது. 1997இல் டெல்கமூக்கு வழக்கில் பூர்வீக நிலவுரிமை என்பது உண்டு என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2004இல் ஹைடா மக்கள் தொடுத்த வழக்கு ஒரு வெட்டுரிமை ஒரு நிறுவனத்திடமிருந்து இன்னொன்றுக்குக் கைமாறியதைப் பற்றியது. உரிமை நிரூபணமாகும்வரை காத்திராமல், முன்கூட்டியே அவர்களைக் கலந்தாலோசிப்பது அரசின் கடமை என்று அதில் தீர்ப்பு வந்தது. 2014இல் சில்கோட்டின் மக்களுக்குக் குறிப்பிட்ட நிலப்பரப்பின் மீதே உரிமை உறுதியானது. 2024இல் ஹைடா குவாய் தீவுக்கூட்டம் முழுவதிலும் ஹைடாக்களின் நிலவுரிமையை மாகாண அரசே ஒப்பந்தம் போட்டு ஏற்றுக்கொண்டது.

இந்த வழக்குகளில் மரங்களே சாட்சியாக நின்றிருக்கின்றன. கயிறு, கூடை, பாய், உடை ஆகியவற்றுக்காக சீடரின் பட்டையை நீளவாக்கில் உரித்த வடு, படகு குடையத் தகுமா என்று பார்க்க இட்ட துளை, உயிர்மரத்திலிருந்தே பலகை பிளந்தெடுத்த தழும்பு எல்லாம் நிற்கும் மரத்தில் அப்படியே இருக்கும். வளையத்தை எண்ணினால் ஆண்டும் தெரிந்துவிடும். 1846க்கு முந்தைய அடையாளமுள்ள மரங்களுக்குத் தொல்பொருள் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு.

1993இல் கிளாக்வாட்டில் என்ன நடந்தது?

கிளாக்வாட் என்பது வான்கூவர் தீவின் மேற்குக் கரைப் பகுதி. கதை அங்குள்ள மீர்ஸ் தீவில் தொடங்குகிறது. டொஃபினோ என்ற சிறு ஊருக்கு எதிரே உள்ள தீவு; ஊருக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. மேக்மில்லன் புளோடெல் என்ற பெருநிறுவனம் அதை வெட்டத் திட்டமிட்டது. 1984இல் டிலாவோக்வியாட் மக்கள் தீவைத் தங்கள் குடிகளின் பூங்கா என்று அறிவித்து மறித்தார்கள். படகில் வந்த தொழிலாளர்களை அவர்களின் தலைவர், விருந்தினராக வாருங்கள், ஆனால் மரம் அறுக்கும் ரம்பத்தைப் படகிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்று வரவேற்றார். மறு ஆண்டு மேல்முறையீட்டு நீதிமன்றம் வெட்டுக்குத் தடை விதித்தது.

1993 ஏப்ரலில் மாகாண அரசு கிளாக்வாட் பகுதி முழுவதற்கும் ஒரு முடிவை அறிவித்தது. மூன்றில் ஒரு பங்கு பாதுகாப்பு. மூன்றில் இரண்டு பங்கில் ஏதோ ஒரு வகையில் வெட்டலாம். அந்தக் கோடையில் கென்னடி ஆற்றுப் பாலத்தில் விடியற்காலைதோறும் மறியல். மறியலுக்கு எதிரான நீதிமன்றத் தடையாணையை அதிகாரி வாசிப்பார், அமர்ந்திருப்பவர்களைத் தூக்கிச் செல்வார்கள், மறுநாள் வேறு ஆட்கள் அமர்வார்கள். ஆகஸ்ட் 9 அன்று மட்டும் 300 பேருக்கு மேல் கைது. மொத்தம் 850ஐத் தாண்டியது. பாட்டிமார்களும் மாணவர்களும் கூட்டம் கூட்டமாக நீதிமன்றத்தில் நின்றார்கள். மரத்தைக் காத்தார்கள் என்பதற்காக வழக்கு இல்லை, நீதிமன்ற அவமதிப்பு என்றுதான் வழக்கு. சிலருக்கு 45 நாள் சிறையும் கிடைத்தது.

கைதுகள்தான் காட்டைக் காப்பாற்றின என்று சொல்வது முழு உண்மை ஆகாது. அவை நெருக்கடியை உண்டாக்கின. அதற்குப் பின் நடந்த மூன்று காரியங்கள்தான் வெட்டைக் குறைத்தன. ஒன்று, 1994இல், டிலாவோக்வியாட் மக்களையும் உள்ளடக்கிய நூ-சா-நூல்த் மக்களுடன் கூட்டு நிர்வாக வாரியம். இரண்டு, அவர்களின் மூத்தோரும் சேர்ந்த அறிவியல் குழு. 500 ஹெக்டேருக்கு மேற்பட்ட எந்த நீர்ப்பிடிப்புப் பகுதியிலும் ஐந்து ஆண்டில் 5 சதவீதத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்பது போன்ற கறாரான விதிகளை அது தந்தது. மூன்று, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காகிதமும் பலகையும் வாங்குகிறவர்கள் பின்வாங்கத் தொடங்கியது. 1998இல் அதே மேக்மில்லன் புளோடெல், பழங்காட்டில் மொட்டை வெட்டை, அதாவது ஓரிடத்து மரங்களை மொத்தமாக வெட்டுவதை, படிப்படியாகக் கைவிடுவதாக அறிவித்தது. கிளாக்வாட்டில் 76,000 ஹெக்டேரைப் புதிய காப்புப் பகுதிகளாக அறிவிக்க 2024 வரை ஆனது. போராட்டம் முடிந்து 31 ஆண்டு.

கிரேட் பேர் மழைக்காடு பற்றி மட்டும் எல்லாரும் வெற்றிக்கதையாகச் சொல்கிறார்களே?

வெற்றிதான், ஆனால் மலிவாகக் கிடைத்ததில்லை. மத்திய, வடக்குக் கடலோரத்தில் 64 லட்சம் ஹெக்டேர். வெள்ளை ரோமம் கொண்ட கருங்கரடி வாழும் இடம். அது ஒரு மரபணு மாறுபாடு, வேறு இனமில்லை. 1990களின் கடைசியில் சூழல் அமைப்புகள் நேரே வாடிக்கையாளர்களிடம் போயின. ஹோம் டிப்போ போன்ற அமெரிக்கச் சில்லறை வணிக நிறுவனங்கள் பழங்காட்டு மரம் விற்பதைக் கைவிடுவதாக 1999இல் சொன்னதும் மர நிறுவனங்கள் பேச்சுக்கு வந்தன. 2006இல் முதல் உடன்பாடு. 2016இல் இறுதி உடன்பாடு. காட்டுப் பரப்பில் 85 சதவீதத்தில் தொழில்முறை வெட்டு இல்லை. மிச்சத்தில் கடுமையான விதிகளுடன் வெட்டலாம்.

என் பார்வையில் அதைவிட முக்கியமானது பணம். பாதுகாப்புக்கு ஈடாக முதற்குடிச் சமூகங்களுக்கு 12 கோடி டாலர் நிதி திரட்டப்பட்டது. பாதி அறக்கட்டளைகளிடமிருந்து, மீதி மாகாண, கனடா அரசுகளிடமிருந்து. கரடி பார்க்கும் சுற்றுலா, மீன்வளக் கண்காணிப்பு, காவலர் வேலை என்று அது செலவாகிறது. வெட்டாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தால் இந்த உடன்பாடு ஓராண்டுகூட நின்றிருக்காது.

ஃபேரி கிரீக்கில் மட்டும் ஏன் இவ்வளவு குழப்பம்?

வான்கூவர் தீவின் தெற்கே, போர்ட் ரென்ஃப்ரூ அருகே, உச்சியிலிருந்து அடிவரை வெட்டப்படாமல் எஞ்சிய ஒரு சிறு பள்ளத்தாக்கு அது. வெட்டுரிமை டீல்-ஜோன்ஸ் நிறுவனத்துடையது. சாலை போடும் வேலை தொடங்கியதும் 2020 ஆகஸ்டில் மறியல் ஆரம்பித்தது. 2021 ஏப்ரலில் தடையாணை. மே மாதம் காவல்துறை இறங்கியது. ஆட்கள் சாலையில் குழி தோண்டிக் கையைக் கான்கிரீட்டில் பதித்துக்கொண்டார்கள். மூன்று கால் மரச்சட்டத்தின் உச்சியில் ஏறி அமர்ந்தார்கள். பத்திரிகையாளர்களைத் தொலைவில் நிறுத்தியது தவறு என்று நீதிமன்றமே காவல்துறையைக் கண்டித்தது. கைது 1,100ஐத் தாண்டி கிளாக்வாட்டை மிஞ்சியது. தடையாணையைச் சரிவரப் படித்துக்காட்டவில்லை என்ற காரணத்தால் பல வழக்குகள் பின்னர் கைவிடப்பட்டன.

இது பாச்சிடாட் மக்களின் நிலம். அவர்களில் மூத்தவரான பில் ஜோன்ஸ் மறியல்காரர்களை வரவேற்றார். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவரும் மரபுவழித் தலைவரும், எங்கள் நிலத்தில் முடிவெடுப்பது நாங்கள், நீங்கள் போய்விடுங்கள் என்று எழுத்திலேயே சொன்னார்கள். அவர்களுக்கு வெட்டு வருவாயில் பங்கு இருந்தது, சொந்தமாக மரத்தொழிலும் இருந்தது. 2021 ஜூனில் அவர்களும் டிடிடாட், ஹு-ஐ-ஆட் மக்களும் சேர்ந்து ஃபேரி கிரீக்கிலும் அருகிலுள்ள வால்பிரான் பள்ளத்தாக்கின் நடுப்பகுதியிலும் வெட்டை இரண்டு ஆண்டு ஒத்திவைக்கக் கேட்டார்கள். அரசு உடனே ஏற்றது. அந்த ஒத்திவைப்பு பின்னர் நீட்டிக்கப்பட்டது. டீல்-ஜோன்ஸ் 2024இல் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கேட்கும் நிலைக்கு வந்துவிட்டது.

முதற்குடிகளே வெட்ட விரும்பினால்? அப்போதும் எதிர்க்கலாமா?

கருத்துச் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் நூறாண்டு மற்றவர்கள் வெட்டிப் பணக்காரர் ஆனபிறகு, கடைசித் துண்டில் பங்கு கிடைக்கும் வேளையில், இப்போது யாரும் தொடக்கூடாது என்று நகரத்திலிருந்து வந்து சொல்வதில் ஒரு அநியாயம் இருக்கிறது. அதே சமயம் முதற்குடிகள் என்றால் ஒரே குரல் என்று நினைப்பதும் தவறு. எந்த ஊரிலும் இருப்பதுபோல அங்கேயும் கருத்து வேறுபாடு உண்டு. வெளியாட்கள் தங்களுக்குப் பிடித்த குரலை மட்டும் எடுத்துக்கொண்டு 'அந்த மக்களே சொல்லிவிட்டார்கள்' என்பது இரு பக்கமும் நடக்கிறது.

அரசு ஏதாவது மாற்றியதா?

கேரி மெர்க்கல், ஆல் கோர்லி என்ற இரு வனவியலாளர்கள் 2020இல் 14 பரிந்துரைகள் தந்தார்கள். மூன்றாண்டில் முறையையே மாற்ற வேண்டும், மரவரவைவிடக் காட்டின் நலம் முதலில் வர வேண்டும் என்பது சாரம். எல்லாவற்றையும் ஏற்பதாக அரசு சொன்னது. 2021 நவம்பரில், நிபுணர் குழு அடையாளம் காட்டிய 26 லட்சம் ஹெக்டேரில் வெட்டை ஒத்திவைக்கத் தயார் என்று அறிவித்துவிட்டு, பதில் சொல்ல முதற்குடிகளுக்கு 30 நாள் அவகாசம் கொடுத்தது. ஒரு நூற்றாண்டுப் பிரச்சினைக்கு 30 நாள்! பலர் எரிச்சலடைந்ததில் வியப்பில்லை. அந்தப் பரப்பில் ஒரு பகுதிதான் உண்மையில் ஒத்திவைக்கப்பட்டது.

சட்ட விதிகளில் ஒரு வரி இருந்தது: மர விநியோகத்தைத் தகாத அளவில் குறைக்காமல் காட்டுயிர், நீர் முதலியவற்றைக் காக்க வேண்டும் என்று. எல்லாப் பாதுகாப்பையும் பல்லில்லாமல் ஆக்கிய வரி அது. 2023இல் அதை நீக்குவதாக அரசு அறிவித்தது. செய்தித்தாள்கள் இதற்குப் பெரிய இடம் கொடுக்கவில்லை. எனக்கென்னவோ மற்ற அறிவிப்புகளைவிட இது கனமானதாகப் படுகிறது.

தொழிலாளர்களின் வயிற்றில் அடிப்பது சரியா?

நியாயமான கேள்வி. 1990களில் இருந்த மரத்தொழில் வேலைகளில் ஏறக்குறைய பாதிதான் இன்று இருக்கிறது. ஆனால் அதில் பூங்காக்களின் பங்கு சிறியது. ஒரு ஆள் இயந்திரத்தில் அமர்ந்து முன்பு பலர் செய்த வேலையைச் செய்கிறார். அறுக்காத கட்டையாகவே மரம் ஏற்றுமதியாகிறது. மாகாணத்தின் உள்பகுதியில் வண்டு பைன் காடுகளை அழித்தது. அமெரிக்கா போட்ட இறக்குமதி வரி 2025இல் 45 சதவீதத்தைத் தொட்டது. பழங்காடு தீர்ந்த பிறகு எப்படியும் மறுவளர்ச்சி மரத்துக்கு ஏற்ற ஆலை வேண்டும். அதை இருபது ஆண்டு முன்பே கட்டியிருக்கலாம்.

போர்ட் ரென்ஃப்ரூ மரம் வெட்டும் ஊராக இருந்தது. இப்போது 'உயர்ந்த மரங்களின் தலைநகர்' என்று பெயர் சூட்டிக்கொண்டு பயணிகளை அழைக்கிறது. 2015இல் அதன் வணிகர் சங்கமே வால்பிரான் காட்டைக் காக்கச் சொன்னது. எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. சுற்றுலா வேலையில் மர ஆலைச் சம்பளம் கிடைப்பதில்லை.

இந்தியாவில் கனடா மரக்கதவு விற்கிறார்களே, அது இந்தக் காட்டுடையதா?

இருக்கலாம். மாகாண அரசின் நிறுவனம் ஒன்று 'கனடியன் வுட்' என்ற பெயரில் இந்தியாவில் ஹெம்லாக், சிவப்பு சீடர், மஞ்சள் சீடர், டக்ளஸ் ஃபிர் மரங்களை விளம்பரப்படுத்துகிறது. ஹெம்லாக்கும் சீடரும் பெரும்பாலும் கடலோர மரங்கள். மறுவளர்ச்சியா, பழங்காடா என்பதைக் கடைக்காரரால் சொல்ல முடியாது. முடிச்சே இல்லாமல், இழை மிக நெருக்கமாக இருக்கும் அகலப் பலகை என்றால் முதிய மரத்திலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். காட்டைப் பொறுப்பாக நிர்வகித்து எடுத்த மரம் என்று சொல்லும் சான்றிதழ் முத்திரைகளில் எஃப்.எஸ்.சி. (FSC) மற்றவற்றைவிடக் கறாரானது; அதுவும் பழங்காட்டை முற்றிலும் விலக்குவதில்லை.

எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில் நிலைமை என்ன?

வாஷிங்டன், ஆரிகன் மாநிலங்களில் பழங்காட்டில் வாழும் புள்ளி ஆந்தையைக் காக்கத் தொடுத்த வழக்கால் 1991இல் கூட்டாட்சி அரசின் காடுகளில் வெட்டு பெரும்பாலும் நின்றது. 1994இல் அதற்கெனத் தனி வனத்திட்டம் வந்தது. அலாஸ்காவின் டொங்காஸ் தேசிய வனத்தில் சாலை போடக்கூடாது என்ற 2001ஆம் ஆண்டு விதி, ஆட்சி மாறும்போதெல்லாம் மாறுகிறது: 2020இல் நீக்கம், 2023இல் மீட்பு, 2025இல் மறுபடி நீக்கும் அறிவிப்பு.

நேரில் பார்க்க முடியுமா?

தாராளமாக. எளிதானது கதீட்ரல் குரோவ். போர்ட் ஆல்பெர்னி போகும் நெடுஞ்சாலையிலேயே இருக்கிறது, 800 வயது டக்ளஸ் ஃபிர் மரங்கள். டொஃபினோவிலிருந்து படகில் மீர்ஸ் தீவுக்குப் போய் சீடர்களுக்கிடையே போட்டிருக்கும் மரப்பாதையில் நடக்கலாம். போர்ட் ரென்ஃப்ரூவில் அவதார் குரோவும், மொட்டை வெட்டின் நடுவே ஒற்றையாக விடப்பட்ட 66 மீட்டர் டக்ளஸ் ஃபிர் மரமும் இருக்கின்றன. அந்த ஒன்றைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் சேர்த்துப் பாருங்கள். மண் சாலைகளில் மர லாரிகள் வேகமாக வரும். கைப்பேசித் தொடர்பு கிடைக்காது. எரிபொருள் நிரப்பிக்கொண்டு போவது நல்லது. மரப்பாதையை விட்டு இறங்கி வேரை மிதிக்கக்கூடாது. கோடையானாலும் மழைச்சட்டை அவசியம்.